புழக்கடை வழியே ஒரு முதலமைச்சர்

எல்லையோரத்து ஆளுக்கு ஒரு குணம் உண்டு. கர்நாடக எல்லையான ஜூஜூவாடியில் செக்போஸ்ட் நிற்கிறது என்றால், பக்கத்தில் எங்கேயோ ஒரு மண்பாதையும் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் முன்சீப் வீட்டில் பிறந்த ராஜகோபாலாச்சாரி என்கிற ராஜாஜிக்கும் அந்தக் குணம் இருந்தது என்பது என் கட்சி.

1937-ல் அவர் தேர்தலில் நிற்கத்தான் செய்தார். நின்றது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதி. பட்டம் வாங்கியவருக்குத்தான் அங்கே ஓட்டு. ஏர் பிடிக்கிறவனிடம் கையெடுத்துக் கும்பிடும் வேலை மிச்சம். பிரதமராக உட்கார்ந்ததும் (அப்போது மாகாணத்துத் தலைவருக்கு அந்தப் பெயர்) முதல் காரியமாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதையும் எங்கே? அக்டோபர் 1-ல், சொந்தச் சேலம் மாவட்டத்தில். ஓசூர் அன்று அந்த மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை. இன்றைக்கும் இங்கே தேர்தலுக்காகக் கடையை மூடினால், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

இப்போது 1952-க்கு வருவோம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்த முதல் தேர்தல். சென்னை மாகாணத்தில் 375 இடம், ஆட்சிக்கு 188 வேண்டும். சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரசுக்கு ஜனங்கள் அளந்து போட்டது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார், மந்திரி பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்டுகளுக்கு 62. ஆந்திரத் தலைவர் பிரகாசம் காங்கிரஸ் அல்லாதவர்களை எல்லாம் ஒரு கயிற்றில் கட்டி, என் பக்கம் 166 பேர், கூப்பிடுங்கள் என்னை என்றார். கூட்டல் கணக்கு தெரிந்த எவனுக்கும் யார் பெரியவர் என்பது புரியும்.

கவர்னர் ஸ்ரீபிரகாசா வேறு வாய்ப்பாடு படித்தவர். கவர்னர் ஜெனரலாக இருந்து, டெல்லியில் உள்துறையையும் பார்த்துவிட்டு, ஓய்வாக இருந்த 73 வயதுப் பெரியவரை அழைத்துவரக் காங்கிரஸ் முடிவு செய்தது. ஒரே ஒரு சிக்கல். பெரியவர் தேர்தலில் நிற்கவே இல்லை. இனி நிற்கிற உத்தேசமும் இல்லை. இடைத்தேர்தலிலாவது நின்றால் நன்றாயிருக்கும் என்று நேரு சொல்லிப் பார்த்தார். அசையவில்லை.

புதுச் சட்டத்தின் 171-ஆவது பிரிவில் ஒரு புழக்கடைக் கதவு இருந்தது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களைக் கவர்னர் மேலவைக்கு நியமிக்கலாம். அதன் வழியே ராஜாஜி உள்ளே வந்தார். ‘வியாசர் விருந்து’ எழுதியவரை இலக்கியவாதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? எழுத்தாளர் என்று பந்திக்குக் கூப்பிட்டார்கள், போட்டது தலைவாழை இலை. ஏப்ரல் 10-ல் பதவியேற்பு.

நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தவர் அவர். ஜெயிலுக்குள் இருந்தவன் ஓட்டு வாங்கியிருக்கிறான், வெளியே இருந்தவர் வாங்காமலே நாற்காலியில் உட்காருகிறார் என்றால் வயிறு எரியாதா? மனு தள்ளுபடி. ராஜாஜியும் சும்மா இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு நான்தான் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே அறிவித்துவிட்டார்.

152-ஐ 188 ஆக்க வேண்டுமே. அதற்குத்தானே மந்திரி பதவி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்! காமன்வீல் கட்சிக்கு ஆறு பேர். காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டு வந்த கட்சி. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கருக்கு வருவாய்த் துறை. உழைப்பாளர் கட்சியின் 19 பேரும் கை தூக்கினார்கள். ஜூலையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு, ஆதரவு 200, எதிர்ப்பு 151. நடுவில் அரிசிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். ஊரே கொண்டாடியது. களி கிண்டுகிற எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதில் எவ்வளவு ஆனந்தம் என்பது தனி விசாரணை.

1954-ல் அடுத்து வந்த காமராஜரும் அப்போது எம்.எல்.ஏ. இல்லை. ஆனால் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்று, வெயிலில் அலைந்து, ஜெயித்து வந்தார். ராஜாஜிக்கு அதைவிடப் பெரிய குத்தல் எதிர்க்கட்சிக்காரன் எவனும் குத்தவில்லை.

தொரப்பள்ளிக்காரர் ஓட்டு வாங்காமல் ஆண்டார் என்றால், ஆண்டுகொண்டிருந்தவருக்கு ஓட்டுப் போடாமல் விட்டது எங்கள் பக்கத்துப் பர்கூர். 1991-ல் அதே பர்கூர்தான் டி.ராஜேந்தரைத் தோற்கடித்து ஜெயலலிதாவை அனுப்பியது. 1996-ல் தி.மு.க. சுகவனத்தை 8,366 ஓட்டில் ஜெயிக்க வைத்து, முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பியது.

2001-ல் ஜெயலலிதா நான்கு ஊரில் மனுப் போட்டார். ஆண்டிபட்டி, புவனகிரி, புதுக்கோட்டை, நான்காவது எங்கள் கிருஷ்ணகிரி. மாங்காய் மண்டிக்கு வரத் தொடங்குகிற ஏப்ரல் மாதம். அடிபட்ட காயைத் தரம் பிரித்துத் தள்ளுகிற மாதிரி நான்கையும் தள்ளினார்கள். டான்சி நில வழக்குத் தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேல் தொகுதி என்பது இன்னொன்று. (மேல்முறையீட்டில் அந்த டிசம்பரிலேயே விடுதலையானார், அது பிற்பாடு.) கட்சியோ 132 இடத்தில் ஜெயித்தது. மே 14-ல் கவர்னர் பாத்திமா பீவி அவருக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

அன்று ஓசூர் பேருந்து நிலைய டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பேர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஜனங்க போட்டாச்சுண்ணா, அப்புறம் என்ன சட்டம்?”

“அந்தம்மா நிக்கவே இல்லையேப்பா. யாருக்குப் போட்டாங்க?”

ஓரமாக வர்க்கி தோய்த்துக்கொண்டிருந்த தாத்தா தலை நிமிரவில்லை. “ஏன், எங்க ஊர் ஐயர் மட்டும் நின்னாரா?” ஐயர் இல்லை தாத்தா, ஐயங்கார் என்று திருத்தினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு வர்க்கி கேட்டார்.

ஆனால் இம்முறை புழக்கடையில் தாழ்ப்பாள் இருந்தது. நிற்கவே தகுதியில்லாதவரை, ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வரலாம் என்கிற சலுகையில் அமர்த்த முடியாது என்று செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நியமித்த பாத்திமா பீவி, அதே நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அவர் அதற்கு முன்பே பதவி விலகிப் போயிருந்தார்.

தீர்ப்பு வந்த அன்றே ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். பெரியகுளத்தில் டீக்கடை வைத்திருந்த குடும்பம் என்று பேப்பரில் வந்தது. மறுநாள் காலையில் எங்கள் டீ மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். யாருக்கும் கடன் சொல்லத் தைரியம் வரவில்லை.