அளவு மாமா

திருவிடைமருதூரில் ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட நினைப்பவர்கள் அதை மனசுக்குள்ளேயே நினைத்துக்கொள்வது நல்லது. வாய்விட்டுச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அளவு மாமா வந்து நிற்பார்.

அளவு மாமா என்பவர் ஒரே ஆள் இல்லை, தெருவுக்கு ஒருவர் உண்டு. ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில் ஸ்டீல் டேப், காதில் பென்சில், கணக்குப் போடப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். தையற்காரரின் இஞ்ச் டேப்பை அவர் நம்புவதில்லை. "இழுத்தா நீள்றது, விட்டா சுருங்கறது. அது சாட்சி சொல்ல லாயக்கில்லை."

மகாலிங்கசுவாமி கோயிலில் கிழக்கு வாசலில் நுழைகிறவர்கள் அதே வழியில் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி இன்னமும் அங்கே காத்திருக்கிறது என்பது ஐதீகம். மாமாவிடமும் அப்படித்தான். ஹால் ஜன்னலுக்கு மட்டும் யோசனை கேட்டவர், ரூம் கதவு, பூஜை அலமாரி, ஊஞ்சல் மெத்தை எல்லாவற்றுக்கும் கணக்கு வாங்கிக்கொள்ளாமல் வெளியே வர முடியாது.

முதல் சண்டை எப்போதும் ஒன்றுதான்.

"ஜன்னல் நாலடி அகலம், அஞ்சடி உசரம். ஒன்றரை மீட்டர் எடுத்தா போறாதா மாமா?"

"உம்ம இடுப்பு எத்தனை ஓய்?"

"முப்பத்தாறு."

"கட்டியிருக்கிற வேட்டி?"

"நாலு முழம்."

"எழுபத்திரண்டு இஞ்ச். சரியா ரெண்டு மடங்கு. முப்பத்தாறு இஞ்ச் வேட்டியைக் கட்டிண்டு தேரடி வரைக்கும் போயிட்டு வாரும், பார்க்கலாம்."

எதிராளி வாயடைத்து நிற்கும்போது பென்சில் காதிலிருந்து இறங்கும். ஸ்கிரீன் தொங்கும் கம்பி, ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஆறாறு இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆக 48 இஞ்ச் 60 ஆயிற்று. கொசுவத்துக்காக இரண்டு மடங்கு, 120. துணியின் பன்னா 48. வகுத்தால் இரண்டரை வரும். "அரைப் பன்னா யாரும் கிழிச்சுத் தரமாட்டான், மூணுன்னு போடு." உயரம் மேலும் கீழும் ஆறாறு கூடி 72. மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்குமாக ஒரு அடி, 84. மூன்று துண்டுக்கு 252 இஞ்ச், அதாவது 6.4 மீட்டர். "ஆறரையா வாங்கிடும்."

ஒன்றரை மீட்டருடன் வந்தவர் ஆறரையைக் கேட்டதும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மாமா விடமாட்டார். பூப் போட்ட துணி என்றால் இதுவும் போதாது. 24 இஞ்சுக்கு ஒரு தரம் அதே பூ வருகிறது என்று வைத்துக்கொண்டால், 84 இஞ்சில் இருப்பது மூன்றரைப் பூ. ஒட்டுப்போட்ட இடத்தில் இந்தத் துண்டின் பூவும் அந்தத் துண்டின் பூவும் நேருக்கு நேர் நிற்க வேண்டாமா? ஆகவே துண்டுக்கு நாலு பூ, 96 இஞ்ச். மொத்தம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. வளையம் வைத்துத் தைப்பதானால் வளையம் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும். காட்டன் என்றால் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரி.

மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-இல். எங்கள் ஊருக்குள் அது இன்னும் முழுசாக நுழையவில்லை. வேட்டிக்கு முழம், புடவைக்குக் கெஜம், ஜன்னலுக்கு அடி, தையலுக்கு இஞ்ச். கடைக்காரருக்கு மட்டும் மீட்டர். இந்த ஐந்துக்கும் நடுவில் தாராளமாக நடமாடத் தெரிந்தவர் மாமா. மீட்டருக்கு 39 இஞ்ச் என்று யாராவது சொன்னால், "புள்ளி மூணு ஏழு" என்று வலியோடு முடித்துவைப்பார்.

பழைய அக்ரஹார வீடுகளில் எந்தச் சுவரும் நேராக நிற்பதில்லை. எனவே ஒரே ஜன்னலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் பெரியதை எழுதிக்கொள்வார். கதவு ஸ்கிரீனுக்கு முன் தரையைப் பார்ப்பார், ஏனென்றால் அது முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

துணியெடுக்கக் கும்பகோணம் பஸ்ஸில் கூடவே வருவார். கடையில் அவருக்கு ஒரே விரோதி ரெடிமேட். ஜன்னலா, ஐந்தடி. கதவா, ஏழடி. பெரிய கதவா, ஒன்பதடி. அகலம் எல்லாவற்றுக்கும் நாலடி. கணக்கே இல்லாமல் விற்கிறார்கள். "இவன் தைச்சு வச்சிருக்கிற அளவுக்குத் தாத்தா ஜன்னல் வச்சுட்டுப் போகலியே" என்று கடைப்பையனிடம் வருத்தப்படுவார். அப்போ ஜன்னலை மாத்திடுங்களேன் என்று பையன் சொல்லாததுதான் பாக்கி.

தைப்பூசத் தேரின்போது ஊரே சுவாமியைப் பார்க்கும். மாமாவின் கண் தேரில் தொங்கும் தொம்பைகள் மேல் இருக்கும். "விட்டம் ஒன்றரை அடின்னா, இருபத்திரண்டின் கீழ் ஏழு, சுற்றளவு நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைச்சல்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவரை யாரும் மடக்கியதில்லை, மாமி தவிர. அவர்கள் வீட்டு ஜன்னலும் நாலுக்கு ஐந்துதான். மாமா 252 இஞ்சில் நிற்கும்போது மாமி, "பழைய ஒன்பது கெஜம் ஒண்ணு போறும். மிச்சத்துல தலகாணி உறை" என்று பரணிலிருந்து ஒரு புடவையை எடுத்துவந்தார். மாமா கெஜமாக மாற்றிப் பார்த்தார். 252 என்பது ஏழு கெஜம், ஒரு இஞ்ச் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாக்கி இரண்டு கெஜம். பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காப்பி கேட்டார்.

போன தடவை நாலு ஜன்னலுக்கு அவர் சொன்னபடி 26 மீட்டர் எடுத்த ஒருவர், பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு புலம்பினார். "கிழக்கு வாசல்ல பட்டினத்தார், மேற்கு வாசல்ல பத்திரகிரியார். ஒரு திருவோடும் நாயும் வச்சிண்டிருந்ததுக்கே பத்திரகிரியாரைப் பட்டினத்தார் சம்சாரின்னு சொன்ன ஊர் இது. இருபத்தாறு மீட்டருக்கு என்னை என்ன சொல்லுவார் மாமா?"

மாமா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அவரும் கோவணம் கட்டினவர்தானே ஓய். முன்னாலயும் பின்னாலயும் கயித்துல சொருக விட்டுத்தானே கிழிச்சிருப்பார். ஒட்ட அளந்திருந்தா நின்னிருக்குமோ?"