டாக் பாபுவிடம் இருக்கிறது, உங்களிடம்?

பீகாரில் ஒரு நாய்க்கு இருப்பிடச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2025 ஜூலையில், பாட்னாவை அடுத்த மசௌர்ஹியில். பெயர் டாக் பாபு. தகப்பனார் குத்தா பாபு. தாயார் குதியா தேவி. சான்றிதழில் நாயின் புகைப்படம். அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்து. சந்தி சிரித்த பிறகு ரத்து செய்து, வழக்கும் போட்டார்கள். அதுவரை அந்த நாய் பீகார்வாசி என்பதற்கு அரசாங்கமே சாட்சி.

அதே மாதம் பீகாரின் 7.89 கோடி வாக்காளர்கள் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தமாம். ஜூன் 24-ல் அறிவிப்பு, ஒரே மாதத்தில் கெடு. 2003 பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். டாக் பாபு வாங்கியதைப் போன்ற இருப்பிடச் சான்றிதழ் காட்டலாம். பாஸ்போர்ட் காட்டலாம். மெட்ரிக் சான்றிதழ் காட்டலாம். தேசியக் குடிமக்கள் பதிவேட்டைக்கூடக் காட்டலாம். அது எடுக்கப்பட்டது அசாமில் மட்டும்தான், பரவாயில்லை. ஆதார் ஆகாது. ரேஷன் அட்டை ஆகாது. தேர்தல் ஆணையமே அச்சடித்துக் கொடுத்த வாக்காளர் அட்டையும் ஆகாது.

ஏன் ஆகாதாம்? உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: பட்டியலைப் பார்த்து அட்டை கொடுத்தோம், இப்போது பட்டியலையே புதிதாகத் திருத்துகிறோம், அந்த அட்டையை எப்படி ஏற்பது? ரொம்பச் சரி. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துத்தானே 2024-ல் மக்களவைத் தேர்தல் நடத்தினீர்கள்? அட்டை செல்லாது, அதைக் காட்டிப் போட்ட ஓட்டு மட்டும் செல்லுமா? இந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த அட்டைக்காக என்ன கூத்து நடந்தது! 1993-ல் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன் உத்தரவு போட்டார். அட்டை தராவிட்டால் 1995 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்தலே கிடையாது என்றார். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கட்டிய மனைவிக்கே அடையாளம் தெரியாத ஒரு படத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதையும் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் பூட்டி வைத்தோம்.

ஆகஸ்ட் 1-ல் வரைவுப் பட்டியல் வந்தது. சுமார் 65 லட்சம் பெயர்களைக் காணோம். செத்தவர்களை நீக்காதே என்று யாரும் சொல்லவில்லை. இருப்பவர்களைச் சாகடிக்காதே என்றுதான் சொல்கிறோம். செத்ததாகக் குறிக்கப்பட்ட இருவரை உச்ச நீதிமன்றத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீக்கிய பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லக்கூட நீதிமன்றம்தான் வேண்டியிருந்தது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கச் சொல்லவும் அதே நீதிமன்றம்தான். அதற்குள் செப்டம்பர் 8 ஆகிவிட்டது.

நவம்பரில் படிவம் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்தலுக்கு முந்தைய ராத்திரி கவர் கொண்டுவருகிறவன் யாரிடமும் அட்டை கேட்பதில்லை. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் துபாயில், யார் போன மாதம் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆணையத்துக்குத்தான் ஆதாரம் வேண்டும்.

சரி, ஓட்டுப் போடுகிறவன் அடையாளம் காட்டட்டும். நோட்டுப் போடுகிறவன்? 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தது யார் என்று மக்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்குப் பொதுவாகக் கிடையாது என்று நீதிமன்றத்தில் வாதாடியது நம் அரசாங்கம். நம் வரிப்பணத்தில், நமக்கு எதிராக.

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரத் திட்டத்தைக் குப்பையில் போட்டது. விவரங்களை மார்ச் 6-க்குள் கொடு என்றது. நாட்டின் மிகப்பெரிய வங்கியான ஸ்டேட் வங்கி, தானே விற்ற பத்திரத்தின் கணக்கைச் சொல்ல ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ல். நீதிமன்றம் ஒரு அதட்டல் போட்டது. மறுநாளே கணக்கு வந்துவிட்டது.

பஞ்சாபுக்கு நாற்று நடப் போன பீகார்க் கூலியாளுக்குப் படிவம் கொடுக்க ஒரு மாதம். அவகாசம் கேட்டு மனுப்போட அவனிடம் வக்கீல் இல்லை.