கடை போடுததுக்கு முந்தி

ஏலே மக்கா, பட்டணத்துல ராத்திரிக் கிளப் தொறக்கப் போறேன்னு பிளான் பேப்பரும் கையுமாத் திரியுதியாமே. ரொம்ப சந்தோசம். சுவத்துக்குக் கறுப்புப் பெயிண்ட், மேல நாலு கலர் பல்பு, வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சிட்டியோ? வெளங்கிரும். வியன்னாக்காரன் செஞ்ச கூத்தைக் கேட்டுட்டுப் போ.

1907-ல அந்த ஊர் கேர்ண்ட்னர் தெருவுக்குப் பக்கம், நிலவறைக்குள்ள ஒரு கேபரே தொறந்தாவ. ஃப்ளேடர்மாவுஸ்னு பேரு, வௌவால்னு அர்த்தம். எவம்லே கடைக்கு இப்படிப் பேர் வைப்பான்? வச்சாவ, கூட்டமும் வந்துது.

கட்டடக் கலைஞர் ஜோசப் ஹோஃப்மன்தான் வேலைக்குத் தலைமை. மது குடிக்கிற அறையில லோஃப்லர், பவோல்னின்னு ரெண்டு கலைஞருங்க செஞ்ச 7,000-க்கும் மேல ஓடு. சின்னதும் பெருசுமா, பல நெறத்துல, ஊடால மிருகமும் கேலிப்படமுமாப் பதிச்சிருந்தாவ. குடிக்காமயே தல சுத்தும்! அடுத்தாப்புல நாடக அறைக்குள்ள போனா வெள்ளைவெளேர்னு இருக்கும். அங்க கண்ணு மேடைக்கில்லாம வேற எங்க போவும்? அதுலே சூட்சுமம்.

அங்க போட்டிருந்த நாற்காலியக் குனிஞ்சு பாக்கணும். உக்காருத பலகையும் காலும் சேருத மூலையில கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை. சும்மா அலங்காரம்னு தோணும். மூட்டு ஆடாம முட்டுக்குடுக்கதே அந்த உருண்டதான். உன் பிளான்ல தொங்குத குஞ்சத்துல ஒண்ணாவது எதையாவது தாங்குதா, சொல்லு பாப்பம்.

அதோட விட்டாவளா? டிக்கெட், நிகழ்ச்சிப் புத்தகம், தட்டு, கரண்டி, விளக்கு எல்லாத்துக்கும் தனித்தனியா வரைஞ்சாவ. கோகோஷ்கான்னு படிச்சிட்டிருந்த பய ஒருத்தன் தபால் அட்டைக்குப் படம் போட்டான். அவனே 'புள்ளி வச்ச முட்டை'ன்னு ஒரு நிழலாட்டமும் கட்டினான். முட்டை பொரிக்கல. ஆனா பின்னாடி அவன் பெரிய ஓவியன் ஆயிட்டான். அதனால உன் மேலயும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, கொஞ்சந்தான்.

இவ்வளவுக்கும் துட்டு? பருத்தி மில்லுக் குடும்பத்துப் புள்ள, ஃப்ரிட்ஸ் வேர்ண்டோர்ஃபர். ரசிகன், கணக்கு நோட்டு மட்டும் ஆகாது. சொத்து கரைஞ்சுது. 1913-ல வௌவால் கடைய மூடியாச்சு, மறுவருசம் வீட்டாளுவ அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேத்திட்டாவ.

நாற்காலி, ஓடு எல்லாத்தையும் உங்க அப்பன்ட்ட நல்லா வெளக்கிச் சொல்லு. இந்த மில்லுக்காரர் கதைய மட்டும் பேங்குல அவன் கையெழுத்துப் போட்ட பொறவு சொன்னாப் போதும்.