கலை விடுதியில் ஈரத்துண்டு: ஒரு திணை ஆராய்ச்சி

அமெரிக்காவின் சான் ஹோசேவும் ஜப்பானின் ஒகாயாமாவும் 1957-இல் சகோதரி நகரங்களாயின. இதைப் பற்றிப் பேசியவர்களெல்லாம் நட்புறவு, பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மேலோட்டமாகப் போய்விட்டார்கள். என்ன முறை என்று ஒருவரும் கேட்கவில்லை. சான் ஹோசே ஊராகப் பிறந்தது 1777-இல். ஒகாயாமாவின் கோட்டையோ 1597-லேயே எழும்பிவிட்டது. ஆகவே ஒகாயாமா மூத்தவள். சான் ஹோசேயில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எனக்குப் பெரியம்மா முறை. அந்தப் பெரியம்மா வீட்டில், அதாவது அங்குள்ள ஒரு கலை விடுதியில், மூன்று நாள் தங்கக் காசு கொடுத்தேன் என்பதும், வீடு முழுக்கத் தொடக்கூடாத சாமான்களாக இருந்தன என்பதுமே இவ்வாய்வின் தோற்றுவாய். (இரண்டாவது, எல்லாப் பெரியம்மா வீடுகளுக்கும் பொதுவானதுதான்.)

ஆய்வுக் குழுவினர் மூவர்: நான், என் மனைவி, மாயவரத்திலிருந்து வந்திருந்த மாமியார். ஆய்வுக் கருவி ஒன்று: மாமியாரின் ஈரிழைத் துண்டு.

தொல்காப்பியர் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்தார். அவர் கலை விடுதியில் தங்கியதில்லை. அங்கே நாற்காலி மாதிரி ஒன்று இருக்கும். உட்காரலாமா என்று தெரியாது. ஜாடி மாதிரி ஒன்று இருக்கும். கீழே ஒருவர் பெயரும் ஓர் ஆண்டும் எழுதியிருக்கும். எனவே அஃறிணையைத் தொடுதிணை, தொடாத்திணை என மேலும் இரண்டாக்க வேண்டியிருக்கிறது. இலக்கணம் எளிது. ஈரத்துண்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். துண்டு காய்ந்தால் தொடுதிணை. யாராவது ஓடிவந்தால் தொடாத்திணை.

அற்றேல், சான் ஹோசே நகர நடுவில், சீசர் சாவேஸ் பிளாசாவில் நிற்கும் சிறகுப் பாம்பு எத்திணை? எனின், அது புறனடை. ராபர்ட் கிரஹாம் வடித்து 1994-இல் வைத்த அந்தக் கெட்சல்கோவாட்டல் சிலையைப் பார்த்த ஊர்க்காரர்கள், நாய் விட்டுப்போன சமாச்சாரம் போலிருக்கிறது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துண்டு போடத் தடையில்லை. போட மனம்தான் வராது.

களப்பணிக்கு வருவோம். எங்கள் அறைச் சுவரிலிருந்து கறுப்பு இரும்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு வந்து, பாதி வழியில் வளைந்து, மறுபடி சுவருக்குள்ளேயே போயிற்று. மாமியார் சற்று நேரம் அதையே பார்த்தார். “மாப்பிள்ளை, இது சிற்பமா, ஸ்டாண்டா?” என்றார். “சிற்பமாத்தான் இருக்கும் அத்தை” என்றேன். “இருந்தா என்ன, உயரம் சரியா இருக்கே” என்று துண்டைப் போட்டுவிட்டார். நாங்கள் கோராக்குவென் தோட்டத்தைச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பியபோது துண்டு நான்காக மடிக்கப்பட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தது. கம்பியில் ஈரம் துடைத்த சுவடுகூட இல்லை. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மௌனம் எங்கள் இலக்கணத்தில் அடங்கவில்லை: ஓடிவரவும் செய்யாமல், காயவும் விடாமல் ஒரு மூன்றாம் நிலை. நம் ஊர் லாட்ஜில் இரண்டு அதட்டலில் தெளிந்துபோகிற விஷயம்.

மறுநாள் ஊனோ துறையில் கப்பல் ஏறி இருபது நிமிடத்தில் நவோஷிமா தீவு. அருங்காட்சியகத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம் என்று 1992-இல் ததாவோ ஆண்டோ கட்டிக்கொடுத்த பெனஸ்ஸே ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. அதனருகே பழைய படகுத்துறை நுனியில் கலைஞர் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம், உடம்பெங்கும் கறுப்புப் பொட்டுகளோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. குசாமாவின் பொட்டுகளைப் பற்றி உலகில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மாமியார் பார்த்த மாத்திரத்தில், “திருஷ்டிப் பொட்டு” என்றார். 1994-இல் வைத்த பூசணியை 2021 ஆகஸ்டில் புயல் கடலுக்குள் இழுத்துப்போட்டதையும், 2022-இல் புதிதாகச் செய்து வைத்ததையும் சொன்னேன். “திருஷ்டி கழிஞ்சா வேற வைக்க வேண்டியதுதானே?” என்றார். திருஷ்டிக்குச் சுற்றிப்போடுவது சாம்பல் பூசணி, இதுவோ பறங்கி என்று ஒரு தடை எழுப்பலாம். எழுப்பினேன். “அந்தந்த ஊர்ல எது கிடைக்குதோ அது” என்பது விடை.

இனி குளியலறை. 1917-இல் மார்செல் துஷாம்ப் நியூயார்க்கில் ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியைக் கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். பார்வைக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். அதே 1917-இல் ஜப்பானின் கோக்குரா ஊரில், இன்று டோட்டோ என்று அறியப்படும் பீங்கான் கம்பெனி பிறந்தது. கழிப்பறைச் சாமானைத் தொடாத்திணைக்கு அனுப்பியவர் ஒருவர். அதே ஆண்டில் கிளம்பி, 1980-இல் தண்ணீர் பீச்சும் வாஷ்லெட்டைக் கொண்டுவந்து தொடுதிணையின் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். கலை வரலாற்றில் துஷாம்புக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்காதது அநியாயம் என்பது என் துணிபு. 2020 மார்ச்சில் அமெரிக்கா கழிப்பறைக் காகிதத்துக்காகக் காஸ்ட்கோ வாசலில் வரிசை கட்டியபோது, குளியலறையில் பிளாஸ்டிக் மக் வைத்திருந்த நாங்கள் நிம்மதியாகத் தூங்கியவர்கள். ஆகையால் இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டு.

முதன்மையான கண்டுபிடிப்பு கடைசி நாள் காலையில் நிகழ்ந்தது. குளியல் தொட்டிக்கு மேலே சுவரில் ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக ஓர் எஃகு வட்டம். நடுவில் ஒரு குமிழ். மூன்று நாளும் அதையும் கலை என்றே எண்ணித் தொடாமல் இருந்தோம். மாமியார் பொறுமையிழந்து பிடித்து இழுக்க, உள்ளிருந்து வெள்ளைக் கயிறு நீண்டுகொண்டே வந்தது. எதிர்ச்சுவரில் கொக்கி. மாட்டினால் கொடி.

“கொடி கட்டித்தான் வெச்சிருக்காங்க மாப்பிள்ளை!”

அந்த விடுதியில் யாரும் கையெழுத்துப் போடாத படைப்பு அது ஒன்றுதான். துண்டைப் போட்டுவிட்டு, காயும்வரை ரயிலைத் தள்ளிவைக்கலாமா என்று அவர் கேட்டார். மனைவி மறுத்துவிட்டாள்.

சான் ஹோசே திரும்பிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கெல்லி பார்க்கிலுள்ள ஜப்பானியத் தோட்டத்துக்கு அழைத்துப்போனோம். 1700-இல் முடிந்த கோராக்குவெனைப் பார்த்து 1965-இல் சிறிதாக அமைத்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. குளத்தோரம் வழவழப்பான பெரிய கல் ஒன்று, யாரோ யோசித்து வைத்தாற்போல் இருந்தது. மாமியார் பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் ஓடிவரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.