வியர்வைக்கு ஒரு கணக்குப்பிள்ளை

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் பலரின் முதுகில், பயிற்சி நேரத்தில், சின்னக் கருவி ஒன்று குந்தியிருக்கிறது. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் எடுபடாது. அதனால் உள்ளிருக்கும் முடுக்கமானி முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் அசைவுகளையெல்லாம் கூட்டி, ‘சுமை’ என்று ஓர் எண்ணைத் துப்பும். துள்ளினால் எண் ஏறும். நடுவரிடம் வாய்ச்சண்டை போட்டால் ஏறாது. பாதித் தெம்பு அதில்தான் போகிறது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும். பாவம், கருவிக்குத் தெரியாது.

வீரர்கள் விவரமானவர்கள். என்பிஏ லீக்குடன் போட்ட 2017 ஒப்பந்தத்தில் தங்கள் சங்கம் வழியாக எழுதி வாங்கிவிட்டார்கள்: அணிவது அவரவர் விருப்பம், ஆட்டத்தில் கூடாது, அந்த எண்களைச் சம்பளப் பேச்சில் இழுத்தால் அணிக்கு 2,50,000 டாலர் வரை அபராதம். பின்னே, “தம்பி, போன மாசம் உன் இதயம் கொஞ்சம் சோம்பல்” என்று முதலாளி பேரம் பேசினால்?

2016இல் கிளீவ்லாந்து அணியின் மேத்யூ டெல்லவெடோவா உடலை அளக்கும் மணிக்கட்டுப் பட்டையோடு ஆடினார். லீக் கழற்றச் சொன்னது. அதே லீக் 2013-14 பருவத்திலேயே எல்லா அரங்கக் கூரையிலும் ஆறாறு கேமரா மாட்டி, நொடிக்கு 25 முறை எல்லோரையும் அளந்துகொண்டிருந்தது. அதை யார் கழற்றுவது?

சரி, அளந்தாயிற்று. களைப்பு என்று ஓய்வு கொடுக்கலாமா? 2012இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நான்கு வீரர்களை மியாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியது. லீக் விதித்த அபராதம்: அதே 2,50,000 டாலர்.