ஏழு கிலோ நானூறு கிராம்

போன வியாழக்கிழமை விடியற்காலை மெல்பர்னிலிருந்து திரும்பி வந்தோம். என் இடது முழங்கால் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது முன் இருக்கைக்கும் என் இருக்கைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

மலிவு விமானத்தில் போய் வந்ததில் நிகரமாக எவ்வளவு மிச்சம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கணக்கு நோட்டு பக்கத்திலேயே இருக்கிறது. 31 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். சொன்னால் பைசா சுத்தமாகச் சொல்வேன். அதற்கு முன்னால் அந்த ஏழு கிலோவைப் பற்றி இரண்டு வார்த்தை.

டிக்கெட் எடுத்த கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். முதலில் காட்டிய விலையைப் பார்த்துப் பதறிப்போய், அடுக்களையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பெட்டிக்கு ஒரு தொகை, உட்காரும் இடத்துக்கு ஒரு தொகை, சோற்றுக்கு ஒரு தொகை என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே வந்தேன். நிச்சயமாக வேண்டாமா என்றது. வேண்டாம். யோசித்துப் பாருங்கள் என்றது. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர்கூட இத்தனை தடவை கேட்க மாட்டார். கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து 20 கிலோவுக்கு ஒரே ஒரு பெட்டி. கையில் ஆளுக்கு 7 கிலோ.

பெட்டியில் பேத்திக்கு வேண்டியதும் மகளுக்கு வேண்டிய பொடிகளும் போனதும் 20 கிலோ நிறைந்துவிட்டது. மிஞ்சியதெல்லாம் கைப்பைக்கு வந்தது. அதில் முக்கியமானது, என் மாமியார் காலத்துப் பித்தளை முறுக்கு அச்சு. ஐந்து வில்லைகளோடு சேர்த்து 1 கிலோ 100 கிராம். ‘பொண்ணு அங்க முறுக்குக்கு ஏங்கிப் போயிருக்கா’ என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எடை பார்க்கும் படலம் நான்கு நாள் நடந்தது. முதலில் குளியலறைத் தராசு. பையோடு ஏறி நிற்பது, பிறகு பையில்லாமல் ஏறி நிற்பது, கழிப்பது. பையில்லாத எடை ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனதால் அந்த முறையைக் கைவிட்டேன். அடுத்தது ரிச்சி தெருவில் வாங்கிய கொக்கித் தராசு. பையை மாட்டித் தூக்கிப் பிடித்தால் எண்கள் மேலும் கீழுமாக ஓடும். அவை நிற்பதற்குள் என் தோள்பட்டை நின்றுவிடும். ஒரு வழியாக 8.2 என்று காட்டியது. நம்பிக்கை வராமல் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப்போனேன். அங்கே 5 கிலோ 600! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருடம் அந்த மனிதரோடு நான் போட்ட சண்டை என்ன, விட்ட சாபம் என்ன! அவருடைய தராசை மட்டும் விமான நிலையங்களில் வைத்தால் உலகத்தில் ஒரு பயணிக்கும் அபராதம் விழாது.

பையையே தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று கடைசி நாள் ராத்திரிதான் தோன்றியது. சக்கரமும் இழுப்புக் கைப்பிடியுமாக வெறும் பையே 2 கிலோ 300. ஆக, எனக்குக் கொடுத்த ஏழில் மூன்றில் ஒரு பங்கு ஏழைக் கொண்டுபோவதற்கே போய்விடுகிறது. தூக்கிக் கடாசிவிட்டுத் துணிக்கடை மஞ்சப்பை ஒன்றை எடுத்தேன். ‘ஆஸ்திரேலியாவுக்கா?’ என்றாள் மனைவி. திரும்ப வைத்துவிட்டேன்.

பிறகுதான் கோட். மகள் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்து ஒரே ஒரு நாள் போட்டது. உடம்பில் இருக்கும் எதையும் அவர்கள் நிறுப்பதில்லை என்ற பெரிய உண்மையின் மேல்தான் இந்த வியாபாரத்தில் பயணிகள் கட்சி இன்னும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. தெருத் தையல்காரர் உள்பக்கம் இரண்டு ரகசியப் பைகள் வைத்துக் கொடுத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஏற்கெனவே பலருக்குத் தைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. அக்னி நட்சத்திரத்தில், சென்னை நடுராத்திரிப் புழுக்கத்தில், கம்பளிக் கோட்டின் வலது பக்கம் முறுக்கு அச்சும் இடது பக்கம் சுண்டைக்காய் வற்றலும் மூன்று சார்ஜர்களுமாகப் போய் நின்றேன். வற்றலுக்கும் அச்சுக்கும் எடை சரியாக வராததால் வலது பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. பார்த்தவர்கள் வாதம் என்று நினைத்திருப்பார்கள்.

வரிசையில் ஒவ்வொருவரும் ஒரு நடிகர் திலகம். 11 கிலோ பையை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு, அதில் பஞ்சுதான் இருக்கிறது என்கிற மாதிரி சிரிக்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. எனக்குப் புடைத்தது.

எனக்கு ஒரு நியாயம் புரியவில்லை. என் எடை 84 கிலோ. டாக்டர் சொன்னபடி நான் 10 கிலோ இளைத்து வந்தால் அந்தப் பத்தைப் பையில் போட்டுக்கொள்ள விடுவார்களா? மாட்டார்கள். விமானத்துக்கு, என் வயிற்றில் இருக்கும் கிலோவும் பையில் இருக்கும் கிலோவும் ஒன்றுதானே? 2013-இல் சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் ஆளையும் பையையும் சேர்த்து நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. உலகமே சிரித்தது. எனக்கு அதுதான் நேர்மையான வியாபாரமாகப் படுகிறது. கத்திரிக்காய் வாங்கும்போது காம்பை மட்டும் தனியாகவா நிறுக்கிறோம்?

சென்னையில் பை 6.9 வந்தது. வங்கித் தேர்வில் தேறியபோதுகூட நான் அப்படிப் பூரித்ததில்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் கோட்டைக் கழற்றியாக வேண்டும். கோட்டிலிருந்த அச்சு பைக்குள் போயிற்று. திரையில் அது எப்படித் தெரிந்ததோ, சோதனைக்காரர் பையைத் தனியே எடுத்து வைத்து ‘க்யா ஹை?’ என்றார். ‘அச்சு’ என்றேன். ‘அச்சா’ என்றார். ‘அச்சா இல்ல சார், அச்சு’ என்றேன். ‘அச்சா, அச்சா’ என்றார். பின்னால் நாற்பது பேர் நிற்க, இரண்டு கையாலும் காற்றில் முறுக்குப் பிழிந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்து அனுப்பிவிட்டார். உள்ளே போனதும் அச்சு மறுபடி கோட்டுக்கு. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகச் சொல்வார்கள். அந்த ராத்திரியில் என் மாமியாரின் அச்சு நான்கு தடவை பாய்ந்தது.

ஐந்தாவது தடவைதான் தவறிவிட்டது. நாலு மணி நேரம் பறந்து கோலாலம்பூரில் இறங்கி, மறுபடி ஒரு சோதனை, மறுபடி கோட்டுக்கும் பைக்கும் இடமாற்றம். தூக்கக் கலக்கத்தில் வில்லைகளையும் சார்ஜர்களையும் பையிலேயே விட்டுவிட்டேன். விமானத்தில் ஏறப்போகிற வாசலில், சற்றும் எதிர்பாராத இடத்தில், இன்னொரு தராசு. 7 கிலோ 400.

எனக்கு முன்னால் நின்ற என் மனைவியின் பை 5.8. ஆக மொத்தம் 13.2; இருவருக்கும் அனுமதி 14. வங்கிக்காரன் மூளைக்கு இதில் பிரச்சினையே இல்லை. ‘நாங்கள் புருஷன் பெண்டாட்டி, 34 வருட ஜாயின்ட் அக்கவுன்ட்’ என்று விளக்கினேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, தராசு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்றாள். பணம் கட்டினேன். அந்த 400 கிராமுக்குக் கட்டியதில் இங்கே மூன்று புது முறுக்கு அச்சு வாங்கியிருக்கலாம். பித்தளையில். அதை நினைத்தால் இப்போதுகூட வயிறு எரிகிறது.

மலிவு விமானத்தைத் தொலைதூரத்துக்கு ஓட்டும் இந்தக் கூத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ஃப்ரெடி லேக்கர் என்ற இங்கிலாந்துக்காரர். 1977 செப்டம்பரில் லண்டன் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுக்கு ஆளேற்றினார். சோறு தனிக்காசு. ஜனங்கள் வரிசையில் படுத்துத் தூங்கி டிக்கெட் வாங்கினார்கள். 1982 பிப்ரவரியில் கடையைச் சாத்திவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019-இல் மூடியது. 2021-இல் நார்வேஜியன் நிறுவனம் தொலைதூரச் சேவையைக் கைகழுவியது. காரணம் சிக்கலானதல்ல. சின்னத் தூரமென்றால் இறக்கி ஏற்றும் நேரத்தைச் சுருக்கி, ஒரே விமானத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூடுதலாக ஓட்டலாம். மினி பஸ் கணக்கு. எட்டு மணி நேரம் ஆகாயத்திலேயே இருக்கிற விமானத்தில் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. எரிபொருளும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. அப்புறம் எதில்தான் மிச்சம் பிடிப்பார்கள்? என் முழங்காலில்.

ஏர்பஸ் 330-இல் மற்றவர்கள் பெரும்பாலும் வரிசைக்கு எட்டுப் பேரை உட்கார வைக்கிறார்கள். அதே குழாயில் மலிவுக்காரர்கள் ஒன்பது பேரைச் செருகுகிறார்கள். இருக்கைக்கு இருக்கை 30, 31 அங்குலம் என்பார்கள். நாம் சாய்கிற முதுகுப் பலகையின் தடிமனும் அதற்குள் அடக்கம். அயர்லாந்தின் ரயன்ஏர் தலைவர் ஓ’லியரி, 2009-இல், கழிப்பறைக்குக் காசு வாங்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அவர் வாங்கவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து இரண்டு பேரைத் தாண்டிப் போவதற்குள் எனக்கே காசு கொடுத்துவிடலாம் போலிருந்தது.

இடம் தேர்ந்தெடுக்கக் காசு கட்டாததால் எங்களைப் பதினேழு வரிசை தள்ளிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நான் வருத்தப்பட்டேன். என் மனைவி எட்டு மணி நேரமும் நிம்மதியாகத் தூங்கினாளாம். கல்யாணமான நாளாக அப்படித் தூங்கியதில்லை என்று மகளிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். போர்வைக்கும் காசு என்பதால் எட்டு முழ வேட்டியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பையன் விடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச் சாப்பாடு கூடாது என்பது சட்டம். வேட்டிக்குள் வைத்து மிளகாய்ப் பொடி இட்லி நான்கை முடித்தேன். அத்தனை உயரத்தில் நாக்கு மரத்துப்போகும், உப்பு உறைக்காது என்பார்கள். நல்லெண்ணெய் வாசனைக்கு அப்படியொரு தடையும் இருந்ததாகத் தெரியவில்லை. முன்னால் மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

மிச்சக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் அச்சு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும்.

மெல்பர்னில் மகள் அதைப் பார்த்ததும் சிரித்தாள். டாண்டினாங் கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கிறது. அவளிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன, ஒன்று பட்டனை அழுத்தினால் தானே பிழிவது. பாட்டி நினைவாக ஒரு தடவை ஓமப்பொடி பிழிந்துவிட்டு, ‘இங்க வைக்க இடமே இல்லப்பா, எடுத்துட்டுப் போயிடுங்க’ என்று கழுவித் துடைத்துக் கொடுத்தாள். மறுபடி கோட். மறுபடி வலது பக்கச் சாய்வு. திரும்பும்போது எங்கே நிறுத்தார்கள், எவ்வளவு கட்டினேன் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. நோட்டை இப்போது திறக்க வேண்டாம்.

நேற்று மகள் போன் செய்தாள். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஓமப்பொடி வில்லை ஒன்று கிடந்ததாம். அவளுடைய இரண்டு அச்சிலும் அது பொருந்தவில்லை. ‘அடுத்த தடவை வர்றப்ப அந்த அச்சையும் கொண்டு வந்துடுங்கப்பா, பேத்திக்கு அந்த ஓமப்பொடிதான் புடிச்சிருக்கு’ என்றாள்.

கோட்டை இன்னும் சலவைக்குப் போடவில்லை.