தீவுக்கு ஒரு தேர்தல் டியூட்டி

நான் ஒரு நாட்டின் அதிபர். நாட்டின் பெயர் டிராபிகோ. கரீபியன் கடலில் இருக்கும் தீவு. எந்த உலக வரைபடத்திலும் கிடைக்காது, லேப்டாப்பைத் திறந்தால்தான் கிடைக்கும். ஆபீஸில் எனக்குக் கீழே ஒருவரும் இல்லை. தீவிலோ சுமார் இருநூறு குடிமக்கள், ஒரு ராணுவம், ஒரு ரம் ஆலை, சுவிட்சர்லாந்தில் ஒரு வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. என்னை ‘எல் பிரசிடென்டே’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

டிராபிகோ என்கிற இந்த கம்ப்யூட்டர் கேமின் முதல் பாகம் 2001இல் வந்தது. நான் ஆடுவது 2011இல் வந்த நான்காம் பாகம். செய்தவர்கள் பல்கேரியாக்காரர்கள். சர்வாதிகாரிகளைக் கிண்டலடிக்க அவர்களைவிட அனுபவசாலிகள் யார்? ஆட்சி 1950இல் தொடங்கும். ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் சோவியத் யூனியன். இருவரில் ஒருவரை ரொம்பப் பகைத்துக்கொண்டால் கரையோரம் போர்க்கப்பல் வந்து நிற்கும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். திடீரென்று ஒருநாள் ‘மக்கள் தேர்தல் கேட்கிறார்கள்’ என்று திரையில் ஒரு செய்தி வரும் பாருங்கள், அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

நடத்த மாட்டேன் என்று சொல்லலாம். அதற்கும் பட்டன் இருக்கிறது. சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வரும், கோபம் முற்றியவர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவார்கள். ஆகவே பெருந்தன்மையோடு சம்மதிப்பேன். உட்கட்சித் தேர்தல் என்ற வம்பு மட்டும் இங்கே இல்லை. 2016 அதிபர் தேர்தலுக்கு அமெரிக்காவின் குடியரசுக் கட்சியில் வேட்பாளராக வேண்டும் என்று 17 பேர் கிளம்பினார்கள். ஒரே மேடையில் எல்லோரையும் நிறுத்த இடம் போதாமல் விவாதத்தையே இரண்டு பந்தியாக நடத்தினார்கள். டிராபிகோவில் கட்சியும் நான், பொதுக்குழுவும் நான், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவனும் நான். இந்த ஏற்பாட்டில் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

பிரசங்கமும் ரெடிமேட்தான். வீடு, சோறு, ஆஸ்பத்திரி என்று எந்தக் குறையைப் பற்றிப் பேசுவது, யாரைப் புகழ்வது, எதை வாக்குறுதியாக அள்ளிவிடுவது என்று பட்டியலில் தொட்டால் போதும், அதிபர் மாளிகை பால்கனியில் நின்று நான் முழங்குவேன். பிறகு நேராக விஷயத்துக்கு வருவேன். தேர்தலில் தில்லுமுல்லு செய்யவும் வசதி இருக்கிறது.

அந்த இடத்தில் கர்சரை வைத்தபோதுதான் பின்னால் அம்மா நின்றிருந்ததைக் கவனித்தேன்.

அம்மா ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. சர்வீஸ் முழுக்கத் தேர்தல் டியூட்டி பார்த்தவர். வாக்குச்சீட்டு காலத்திலும் பார்த்தார், மெஷின் காலத்திலும் பார்த்தார். முதல்நாள் ராத்திரி ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சைச் சேர்த்துப்போட்டு, மெஷினைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கொசுக்கடியில் விடியவிடிய விழித்துக்கிடந்தவர். அவரிடம் போய் ஜனநாயகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

“என்னடா அது, கள்ள ஓட்டா?”

“கேம்தாம்மா.”

“கேம்னா? பூத் ஏஜென்ட் யாரு?”

“அதெல்லாம் கிடையாதும்மா.”

“காலையில மாதிரி வாக்குப்பதிவு நடத்தினாங்களா? பெட்டிக்கு சீல் வெச்சது யாரு? விரல்ல மை?”

மை இல்லை. சீல் இல்லை. டிராபிகோவின் தேர்தல் நடைமுறை என்னைவிட மோசமான நிலையில் இருந்தது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். சர்வதேசப் பார்வையாளர்.

இந்த கேமில் ஒரு வசதி, தெருவில் நடக்கிற யாரைத் தொட்டாலும் அவர் ஜாதகமே திறக்கும். என்ன வேலை, என்ன சம்பளம், மனசில் என்ன ஓடுகிறது, ஓட்டு யாருக்கு, எல்லாம். பிடிக்காதவருக்கு லஞ்சம் கொடுக்கலாம், உள்ளே தள்ளலாம், ஆளையே தீர்த்துக்கட்டலாம். வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிற ஒருத்தி எனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறாள் என்று காட்டியது. நான் மூன்று வழிகளில் எது மலிவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அவ குடிசையில இருக்காடா. தோட்டத்துக்குப் பக்கத்துல வீடே இல்ல, அப்புறம் எப்படி உனக்குப் போடுவா?”

பார்த்தால் உண்மைதான். அடுக்குமாடி வீடுகளை எல்லாம் நான் மாளிகையைச் சுற்றிக் கட்டியிருந்தேன், பால்கனியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று. அம்மாவின் உத்தரவுப்படி தோட்டத்துக்கு அருகே கட்டடம் எழும்பியது, வாடகை குறைந்தது. சுவிஸ் கணக்குக்குப் போகவேண்டிய பணம். நெஞ்சு பொறுக்கவில்லை.

இதை எல்லாம் வெறும் விளையாட்டு என்று ஒதுக்காதவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாம் பாகம் 2014 மே மாதம் வெளியானது. அதே மே மாதத்தில்தான் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆகஸ்டில் அந்த நாட்டுத் தணிக்கைக்காரர்கள் இந்த கேமை விற்கத் தடை போட்டார்கள். நாட்டின் அமைதி கெடும் என்று கவலை. ஒரு நிஜ ஜெனரல் ஒரு பொம்மை ஜெனரலைப் பார்த்துப் பயந்தது சரித்திரத்தில் அபூர்வம். தொழில் ரகசியம் வெளியே போகிறதே என்ற ஆதங்கமாகவும் இருக்கலாம்.

தேர்தல் நடந்தது. தில்லுமுல்லு பட்டன் பக்கம் கையை நீட்டவே அம்மா விடவில்லை. சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தேன். வாழைத்தோட்டத்துக்காரி கடைசிவரை எதிர்த்துத்தான் போட்டாள். புது வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சர்ச் தூரமாக இருக்கிறது என்பது இப்போது அவள் மனக்குறை. பொம்மையாக இருந்தாலும் வாக்காளர் வாக்காளர்தான்.

தீவெங்கும் கொண்டாட்டமாக இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு, அம்மா பக்கம் திரும்பினேன், ஒரு வாழ்த்தாவது சொல்வார் என்று.

“அதெல்லாம் சரி,” என்றார் அம்மா, “டியூட்டி பார்த்தவங்களுக்கு பேட்டா குடுத்தியா?”